ஒற்றை அடுக்கு கிராஃபீன் கண்ணாடியில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி:
கிராஃபீன் (கிராஃபைட்டின் ஓரணுத் தடிமனுள்ள கார்பன் அடுக்கு) எடுக்க, ஒட்டுநாடாவால் உரித்த கிராஃபைட்டை, 300 நானோமீட்டர் ஆக்சைடு பூசிய சிலிக்கன் தகட்டில் ஒற்றினேன். நுண்ணோக்கியில் ஊதாப் பின்னணியில் சற்றே கருத்த ஒரு திட்டு தெரிந்தது. அணுவளவே தடித்த ஒன்றை என் கண்ணால் பார்த்த அந்த நொடியை மறக்க முடியாது! அதையே கண்ணாடியில் செய்தால் எதுவும் தெரியவில்லை. ஏன்?

பதில் 1:
ஓர் அடுக்கு விழுங்குவது விழும் ஒளியில் 2.3 விழுக்காடுதான். கண்ணுறு ஒளியில் எந்த நிறமானாலும் ஏறக்குறைய இதே அளவுதான். நுண்கட்டமைப்பு மாறிலியை (ஒளியும் மின்னூட்டமும் எவ்வளவு வலுவாகப் பிணைகின்றன என்பதைச் சொல்லும் எண், சுமார் 1/137) பை (π) என்ற எண்ணால் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். 2008இல் அளந்தே காட்டிவிட்டார்கள். பொருளின் எந்த அளவுருவும் இதில் இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆக்சைடின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் எதிரொளிக்கும் கதிர்கள் குறுக்கிடுவதால் வேறுபாடு பெருகுகிறது. வெறும் கண்ணாடியில் அந்த உதவி இல்லை. பச்சை வடிகட்டி போட்டால் தகட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பதில் 2:
அடுத்து, கிராஃபைட்டைப் போலவே அடுக்கடுக்காக உரியும் மாலிப்டினம் டைசல்ஃபைடை உரித்துப் பாருங்கள். கட்டியாக இருக்கும்போது அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) மறைமுகமானது, அதாவது ஒளியை உமிழ எலக்ட்ரானின் உந்தமும் மாற வேண்டும். ஒளிர்வு மிகக் குறைவு. ஒற்றை அடுக்கில் அது நேரடி இடைவெளியாகிவிடும். பச்சை லேசர் பட்டால் 670 நானோமீட்டர் அருகே சிவப்பாக ஒளிரும்.

கேட்டவர்:
பச்சை வடிகட்டி போட்டேன். திட்டின் விளிம்பில் படிபோல இரண்டு சாயல்கள் தெரிகின்றன. வெளிறிய பகுதிதான் ஒற்றை அடுக்கு என்று நினைக்கிறேன். உறுதிசெய்ய ராமன் நிறமாலை (பொருளில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியின் அலைநீள மாற்றத்தை அளப்பது) எடுத்துப் பார்க்கப் போகிறேன்.