மென் பி.வி.சி: எண்ணெயை மாற்றினால் போதுமா, பொருளையே கைவிடணுமா?

வேம்பு:
கேபிள் உறையோ, ஹோஸோ, ரெக்ஸினோ, வளைகிற பி.வி.சியின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட பிளாஸ்டிசைசர் என்ற இளக்கும் எண்ணெயாக இருக்கலாம். பி.வி.சி பிறவியிலேயே விறைப்பு. இந்த எண்ணெய் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து விலக்கிவிடுவதால்தான் வளைகிறது. வேதிப் பிணைப்பு கிடையாது, அதனால் கொஞ்சங்கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். நம்பாதவர்கள் பென்சில் அழிக்கும் வெள்ளை வினைல் ரப்பரின் காகித உறையைக் கழற்றி, பளிங்கு போன்ற பிளாஸ்டிக் ஸ்கேல் மேல் சில மாதம் போட்டு வையுங்கள். ஸ்கேலோடு ஒட்டிப்போய், பிய்த்தெடுத்தால் அடியில் பள்ளம் தெரியும்.

குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் ஐரோப்பா 1999-லேயே தாலேட்டுகள் என்ற பிளாஸ்டிசைசர் வகைக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2020 ஜூலையிலிருந்து டி.இ.எச்.பி உட்பட நான்கு தாலேட்டுகள் அங்கே பெரும்பாலான நுகர்வோர் பொருட்களில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்படி ஒவ்வொன்றாகத் துரத்துவதற்குப் பதில் மென் பி.வி.சியையே ஏறக்கட்டலாம் என்பது என் கட்சி.

கம்பவுண்டர்:
கேபிள் உறைக்கான பி.வி.சி கலவை, அதாவது கம்பவுண்ட், கலக்குறதுதான் என் பிழைப்பு, அதை முதல்லயே சொல்லிடறேன். ரப்பர் கதை உண்மை. ஆனா அங்கே எண்ணெயை உறிஞ்சிக்கிற இன்னொரு பிளாஸ்டிக் ஒட்டி உக்காந்திருக்கு. தண்ணியில டி.இ.எச்.பி, நாங்க டி.ஓ.பின்னு சொல்றது, கரையவே கரையாதுன்னு சொல்லலாம். காத்தோட்டமுள்ள தண்ணியிலயும் மண்ணுலயும் பாக்டீரியா வாரக்கணக்குல தின்னுடும். உடம்புக்குள்ள போனாலும் பெரும்பகுதி ஓரிரு நாள்ல சிறுநீர்ல போயிடும். டி.டி.டி மாதிரி கொழுப்புல வருஷக்கணக்கா தங்குற சரக்கு இல்ல இது.

இன்னொண்ணு, ரத்தப் பை. அதுல இருக்கிற டி.ஓ.பி சிவப்பணுக்களோட சவ்வுல போய் உக்காந்து அதை உடையாம பாத்துக்குது. தகுந்த கரைசலோட சேர்ந்து 42 நாள் வரைக்கும் ரத்தத்தை வச்சிருக்க முடியுதுன்னா இதுக்கும் அதுல பங்கு உண்டு. இதையும் ஏறக்கட்டுவீங்களா?

மழைத்துளி:
நடுவில் ஒரு கேள்வி. வெயிலில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலில் இறங்குவதும் இதுதானே?

கம்பவுண்டர்:
இல்லைங்க. பெட் பாட்டிலுக்கு பிளாஸ்டிசைசரே தேவையில்ல. பாலித்தீன் பை தானாவே வளையும், அதுக்கும் வேண்டாம்.

வேம்பு:
கம்பவுண்டர் சார், ரத்தப் பையைக் காட்டி ரெக்ஸினைக் காப்பாற்றாதீர்கள். மருத்துவத்துக்கு விலக்கு கொடுப்பதில் எனக்குத் தகராறு இல்லை.

தண்ணீரில் கரையாது என்கிறீர்களே, அதுதான் சிக்கலே. கரையாதது தூசியிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆற்றடிச் சேற்றில் ஆக்ஸிஜன் இல்லாத அடுக்குக்குப் போய்விட்டால் உங்கள் பாக்டீரியா கணக்கு செல்லாது, சிதைவு மிக மெதுவாகிவிடும். உடம்பு இரண்டு நாளில் வெளியேற்றும், சரி. தினமும் புதிதாக உள்ளே போகிறதே? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மக்களிடம் எடுக்கும் சிறுநீர் மாதிரிகளில் தாலேட் சிதைபொருட்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் தென்படுகின்றன. ஆண் எலிக்குட்டிகளின் பிறப்புறுப்பு வளர்ச்சியை டி.இ.எச்.பி கெடுக்கிறது என்பதும் பலமுறை பார்த்த முடிவு. இனப்பெருக்க நச்சு என்று ஐரோப்பா அதை வகைப்படுத்தியது சும்மா இல்லை.

கம்பவுண்டர்:
அதனாலதானே தொழிலே மாறிக்கிட்டிருக்கு. டி.ஓ.டி.பிங்கிற மாற்று எண்ணெய் வந்தாச்சு, அணுக்கணக்குப்படி டி.ஓ.பியோட சகோதரன், ஆனா உடம்புல வேற மாதிரி உடையுது, அந்த ஹார்மோன் வில்லங்கம் காட்டல. 2002-லயே டிஞ்ச்ங்கிற இன்னொரு மாற்று எண்ணெய் சந்தைக்கு வந்துடுச்சு. சிட்ரேட் வகை இருக்கு. எண்ணெயை மாத்துங்க, பொருளை ஏன் கொல்றீங்க?

பழையஇரும்பு:
ரெண்டு பேரும் குளோரினேட்டட் பாராஃபினைத் தொடவே இல்லையே? விலையைக் குறைக்க டி.ஓ.பியோடு கலக்கும் சரக்கு அதுதான். குறுஞ்சங்கிலி வகையை, எளிதில் சிதையாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2017-ல் பட்டியலில் சேர்த்தது. ஆலைகள் நடுத்தரச் சங்கிலிக்குத் தாவின. 2025-ல் அதையும் சேர்த்தாயிற்று. கம்பவுண்டர் சார் இதைச் சொல்லாமல் நழுவுவது நியாயமில்லை.

மறுசுழற்சியில் இருப்பவன் என்கிற முறையில் என் தலைவலியும் கேளுங்கள். பழைய உறையில் 25 சதவீதம் டி.ஓ.பி என்று வையுங்கள். 99 கிலோ சுத்தமான கம்பவுண்டில் அந்த அரைத்த தூள் ஒரே ஒரு கிலோ விழுந்தாலும் 0.25 சதவீதம். வரம்போ 0.1. புதிய எண்ணெய் எவ்வளவு நல்லதானாலும் பழைய சரக்கு இன்னும் பல ஆண்டுகள் சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

வேம்பு:
இதைத்தான் நானும் சொல்கிறேன். டிஞ்ச் மட்டும் கசியாதா? ஜெர்மனியில் ஆண்டுதோறும் சேமித்து வைத்த சிறுநீர் மாதிரிகளில், அது சந்தைக்கு வந்தபின் அதன் சிதைபொருட்கள் ஏறுமுகமாகவே தெரிந்தன.

கம்பவுண்டர்:
கசியும். இல்லைன்னு நான் சொல்லவே இல்ல. எது கசியுதுங்கறதுதான் பேச்சு. பாராஃபினை நான் கலக்குறதில்ல, கலக்குறவங்களைத் தடுக்க சோதனை வேணும், அதுக்கு என் ஓட்டும் உண்டு. ரெக்ஸின் பையை நாளைக்கே நிறுத்துங்க, எனக்கு நஷ்டமில்ல. சுவருக்குள்ள ஓடுற ஒயருக்கு என்ன வச்சிருக்கீங்க?

வேம்பு:
குளோரின் மாதிரி ஹாலஜன் எதுவும் இல்லாத பாலியோலிஃபின் உறை, பாலித்தீன் குடும்பம். சுரங்கப்பாதைகளிலும் கப்பல்களிலும் ஏற்கெனவே ஓடுகிறது. எரிந்தாலும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வராது.

கம்பவுண்டர்:
தெரியும், அதையும் ஓட்டிப் பாத்திருக்கேன். தீப்பிடிக்காம இருக்க எடையில பாதிக்கு மேல அலுமினியம் ஹைட்ராக்சைடோ மெக்னீசியம் ஹைட்ராக்சைடோ திணிக்கணும். உறையைப் பிதுக்கித் தள்ளுற எக்ஸ்ட்ரூடர் மெஷின் திணறும், உறையும் விறைக்கும். குளிர்ல அந்த ஒயரை ஒரு கண்ட்யூட் குழாய் வளைவுல இழுத்துப் பாருங்க, மிச்சத்தை அப்புறம் பேசலாம்.