தவழாமலே எழுந்து நின்ற பிள்ளைகள்

மதுரை அம்மா:
என் மக தவழவே இல்லை. அஞ்சாம் மாசம் குப்புற விழுந்தா, ஏழு முடியறப்ப உட்கார்ந்தா. அப்புறம் ஒரு காலை மடக்கி, ஒரு கையைத் தரையில ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே சர்ருன்னு அடுப்படி வரைக்கும் நகர்ந்துடுவா. ஜட்டியெல்லாம் ஒரு பக்கமாத் தேஞ்சு போச்சு. "தவழாத பிள்ளைக்கு இடுப்பு நிக்காதுடி"ன்னு அத்தை உளுந்துத் தைலத்தோட உட்கார்ந்துட்டாங்க. தடுப்பூசிக்குப் போனப்ப டாக்டர் அம்மா சிரிச்சாங்க. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுப் பிள்ளைங்களைப் பார்த்து 2006-ல வெளியிட்ட கணக்குல, நூத்துக்கு நாலு பிள்ளைங்க முட்டி போட்டுத் தவழாமலே நடந்துடுதாம். தனியா நடக்கிறது 8 மாசத்துலயும் வரலாம், 17 மாசத்துலயும் வரலாம். இவ பதினஞ்சுல நடந்தா. வட்ட வாக்கர் வாங்கிட்டு வந்த சித்தப்பாகிட்ட அதை மாத்தி மர நடைவண்டி கேட்டேன். அந்த வாக்கரைக் கனடாவில 2004-லயே தடை பண்ணிட்டாங்க.

யாழ்ப்பாணச் சித்தி:
எங்கட வீட்டில பல்லுதான் பிரச்சினை. அக்கான்ர மகனுக்கு ஒரு வயசு மட்டும் ஒண்டும் முளைக்கேல்ல. கீழ்ப்பல்லு ரெண்டு வெளிய தெரிஞ்ச உடன அம்மம்மா தேங்காய்ச் சொட்டுக் குத்திக் கொழுக்கட்டை அவிச்சுத் தலையில கொட்டினவ. எதை எடுக்கிறானோ அதுதான் பின்னுக்கு அவன்ர வழி எண்டு, முன்னால கொப்பி, பேனை, சங்கிலி எல்லாம் பரப்பி வச்சம். அவன் விழுந்த கொழுக்கட்டையைத்தான் எடுத்தவன்.

நெல்லை அப்பா:
எங்க ரெட்டைப் பிள்ளைங்க 32 வாரத்துலயே பிறந்தவங்க. எட்டு மாசமாகியும் உட்காரலையேன்னு ஊரே கேட்டுது. குறைமாசத்தைக் கழிச்சுப் பார்த்தா அது ஆறு மாசம்தான், அதனால டாக்டர் அதைப் பத்திக் கவலைப்படலை. அவர் பார்த்தது வேற. சின்னவன் கிலுகிலுப்பையை எப்பவும் இடது கையாலதான் வாங்குவான்; வலது கை மூடியே இருக்கும். இடதுகைக்காரன்னு வீட்ல ஒரே பெருமை. பொதுவா ஒரு வயசுக்குள்ள கைப்பழக்கம் வராது, வந்தா இன்னொரு கைக்குப் பலம் இருக்கான்னு பார்க்கணும்னு சொல்லி, அரசு ஆஸ்பத்திரில இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது பிள்ளைங்க வளர்ச்சியில இருக்கிற குறையைச் சீக்கிரமே கண்டுபிடிச்சுப் பார்க்கிற இடத்துக்கு, அனுப்பினார். பிசியோதெரபி இலவசம். இப்ப தினமும் கொஞ்ச நேரம் இடது கையில சாக்ஸை மாட்டிவிட்டு இட்லித் துண்டை வலது பக்கமா நீட்டுறோம். கத்திக்கிட்டே வாங்குறான்.

மதுரை அம்மா:
அந்த மையம் எல்லா ஊர்லயும் இருக்கா அண்ணா? நாத்தனார் பையன் எழுந்து நின்னாலே நுனிக்கால்லதான் நிக்கிறான்.

நெல்லை அப்பா:
மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரில கேளுங்க. 18 வயசு வரைக்கும் பார்ப்பாங்க.