கத்தரி நாற்று ஒவ்வொன்றாகச் சாய்கிறது, சித்திரை பிறந்ததும் வெளியே நடலாமா? (ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா)

வடலி | ஏப்ரல் 15

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காபரோவில் போன வருசம் வீடு வாங்கினோம். பின்வளவில் 12 அடிக்கு 20 அடி நிலம் சும்மா கிடக்கிறது. எனக்கு இதுதான் முதல் தோட்டம். ஊரில் ஐயா தோட்டம் செய்தவர்தான், ஆனால் நான் செய்தது வாளியில் தண்ணீர் காவினது மட்டும்.

மார்ச் 22 அன்று கத்தரி விதை 24, மிளகாய் 24 போட்டேன். பேஸ்மென்ட் யன்னலோரம் வைத்திருக்கிறேன். பத்தாம் நாள் கத்தரி 19 முளைத்தது. போன வியாழன் காலை பார்த்தால் மூன்று படுத்துக் கிடந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடம் நூல் மாதிரி மெலிந்து, தண்ணீரில் ஊறின நிறத்தில் இருந்தது. இலை மட்டும் பச்சைதான். வாடுகிறதாக்கும் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். மறுநாள் ஐந்து சாய்ந்தது. இன்று நிற்பது 8. மிளகாய் 24 நாளாகியும் நாலுதான் தலை காட்டியிருக்கிறது.

வெண்டியும் பயற்றங்காயும் ஏப்ரல் தொடக்கத்தில் போட்டேன். அவை ஒரு சாண் உயரம் வந்து, யன்னல் பக்கம் சரிந்து, தண்டு வெள்ளையாக நிற்கின்றன.

"சித்திரை பிறந்துவிட்டது, இன்னும் ஏன் கன்றை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறாய்?" என்று அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். நேற்று 16 டிகிரி வெயில் அடித்தது. இந்த எட்டையாவது வெளியே நட்டுக் காப்பாற்றலாமா?

---

கொல்லைப்புறம் | ஏப்ரல் 15

எனக்கும் இப்படி வந்தது. கறுவாப்பட்டைத் தூளை மண்ணுக்கு மேல் தூவுங்கள், நின்றுவிடும். வெயில் வந்துவிட்டதுதானே, வெளியே வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடினால் சரி.

---

துலா | ஏப்ரல் 15

தம்பி, வெளியே நட வேண்டாம். பிளாஸ்டிக் மூடினாலும் வேண்டாம். முதலில் இதற்குப் பதில் சொல்லும்:

மண் எங்கே எடுத்தது? தட்டு புதிதா, பழையதா? நாளைக்கு எத்தனை தரம் தண்ணீர், மேலாலா கீழாலா? பேஸ்மென்ட் சூடு எவ்வளவு?

---

வடலி | ஏப்ரல் 15

அண்ணை, மண் பின்வளவில் எடுத்தது, பாதிக்குப் பாதி கடையில் வாங்கின மாட்டெரு கலந்தேன். தட்டு பக்கத்து வீட்டுக்காரர் தந்தது, பழசு. தண்ணீர் காலையும் மாலையும் மேலால் தெளிப்பேன், ஊரில் நாற்றுமேடைக்குப் பூவாளியால் விடுவது மாதிரி. சூடு இப்போதுதான் பார்த்தேன். யன்னலோரம் 16 காட்டுகிறது.

---

துலா | ஏப்ரல் 15

அப்போது விசயம் விளங்குகிறது. இது நாற்றழுகல். பித்தியம் என்ற பூஞ்சணம் மாதிரியான நுண்ணுயிரும் ரைசொக்டோனியா போன்ற பூஞ்சணங்களும் மண்ணிலேயே இருப்பவை. ஈரமும் குளிரும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்தால் இளந்தண்டின் அடியைப் பிடித்துவிடும். நீர் நாலும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறீர்: வளவு மண், கழுவாத தட்டு, இரண்டு நேரத் தண்ணீர், 16 டிகிரி. விழுந்தது எழும்பாது. தண்ணீர் விட்டது வாடலுக்கு மருந்தில்லை, பூஞ்சணத்துக்குச் சாப்பாடு.

ஊரில் அதே பூவாளி சரிதான். அங்கே வெயிலும் காற்றும் மத்தியானத்துக்குள் மேல் மண்ணைக் காய வைத்துவிடும். உமது பேஸ்மென்ட்டில் காலையில் தெளித்தது மறுநாளும் காயாது. கிண்டினால் பிசுபிசு என்று விரலில் ஒட்டும், பாரும்.

கறுவாத்தூளைப் பற்றி: தூவினால் நட்டமில்லை. ஆனால் மண் ஈரமாகக் கிடந்தால் அது ஒன்றும் செய்யாது. நான் இரண்டு வருசம் தூவினவன். வீட்டில் பாயச வாசம் வந்ததுதான் மிச்சம்.

இன்றே விழுந்ததை எல்லாம் அடிமண்ணோடு கரண்டியால் அள்ளி வெளியே எறியும். நிற்கிற எட்டுக்கும் மேல் மண் காயும் வரை தண்ணீர் இல்லை. சின்ன மேசை விசிறி ஒன்றை ஆகக் குறைந்த வேகத்தில், இலை லேசாக ஆடுகிற தூரத்தில் வையும். அதற்குப் பிறகு தண்ணீரைத் தட்டத்தில் ஊற்றி அடியால் உறிஞ்ச விட்டு, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடும்.

---

செம்பரத்தை | ஏப்ரல் 16

துலா அண்ணை சொன்னதுக்கு மேலே கொஞ்சம்.

தம்பி, அந்த எட்டை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், திரும்பவும் விதையுங்கள். கத்தரிக்கு விதையிலிருந்து நடுகைக்கு ஆறேழு கிழமை போதும். இன்று போட்டால் ஜூன் தொடக்கத்தில் நடலாம், ஆகஸ்ட்டில் காய் பார்க்கலாம். இந்த முறை வளவு மண் வேண்டாம். விதைக்கென்று விற்கும் கலவை வாங்குங்கள். இல்லாவிட்டால் தும்புச்சோறும் பெர்லைட்டும் (தண்ணீர் வடியக் கலக்கும் பாரமில்லாத வெள்ளைக் குறுணிக்கல்) கலந்தாலும் சரி. முளைக்கிற வரைக்கும் எருவும் வேண்டாம், பசளையும் வேண்டாம். தட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்துக் கழுவுங்கள்.

மிளகாய் முளைக்காததற்கு விதையைக் குறை சொல்லாதீர்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் முளைக்கும்போது மண்ணில் 25 முதல் 30 டிகிரி வேண்டும். 16 டிகிரியில் விதை நித்திரை கொள்ளும், இல்லையென்றால் அழுகும். நாற்றுக்கென்று ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) விற்கிறார்கள், தட்டுக்குக் கீழே விரியுங்கள். முளைத்த பிறகு எடுத்துவிடலாம்.

வெளிச்சம்தான் அடுத்தது. பேஸ்மென்ட் யன்னல் வெளிச்சத்தை நம்பி நாற்று வளராது. நான் சாதாரண எல்இடி டியூப் லைட் இரண்டைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கன்றுக்கு மேலே நாலு விரல் இடைவெளி விடுவேன். கன்று வளர வளரச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக ஏற்றுவேன். டைமரில் 16 மணித்தியாலம். உங்கள் வெண்டி வெள்ளைத் தண்டோடு சரிந்து நிற்பது நோயில்லை, வெளிச்சத்தைத் தேடி ஓடின களைப்பு.

---

வடலி | ஏப்ரல் 16

நன்றி அக்கா, நன்றி அண்ணை. விசிறி போட்டுவிட்டேன். வெண்டியையும் பயற்றங்காயையும் இனிமேல் லைட்டுக்குக் கீழே வைத்தால் தேறுமா?

---

செம்பரத்தை | ஏப்ரல் 16

தேறாது, எறியுங்கள். கோபிக்காதீர்கள், அவை இரண்டும் வீட்டுக்குள் ஆறு கிழமை நிற்கிற சாதி இல்லை. வெண்டிக்கு ஆணிவேர் நேராகக் கீழே போகும், பிடுங்கி நட்டால் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு நிற்கும். மே நடுப்பகுதியில் பேப்பர் கப்பில் போட்டு, இரண்டு மூன்று கிழமையில் அடியைக் கிழித்துக் கப்போடு நடலாம். அல்லது ஜூன் முதல் கிழமை நேரே நிலத்தில், முதல் நாள் இரவு ஊற வைத்து ஊன்றலாம். நான் இரண்டும் செய்து பார்த்தேன். நிலத்தில் ஊன்றினது ஜூலையில் கப் வெண்டியை எட்டிப் பிடித்துவிட்டது. மண்ணில் 18 டிகிரியாவது இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. சமையலறையில் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மோமீட்டர் இருக்குமே, அதைக் காலை நேரம் நாலு விரல் ஆழத்துக்கு மண்ணில் குத்திப் பாருங்கள். (திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் தோட்டத்துக்கென்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனுசன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.)

---

துலா | ஏப்ரல் 16

அம்மாவின் கேள்விக்கு. சித்திரைச் சிறுமாரிக்குப் பயிர் வைத்த ஆள் அப்படித்தான் கேட்பா, அதில் பிழையில்லை. ஆனால் ரொறன்ரோவில் கடைசி உறைபனி சாதாரணமாக மே முற்பகுதியில் வரும். ஏரியை விட்டு வடக்கே போகப் போக இன்னும் பிந்தும். நேற்று 16 டிகிரி என்றீர், இரவு எவ்வளவு? கத்தரிக்கும் வெண்டிக்கும் மிளகாய்க்கும் பகல் முக்கியமில்லை, இரவுதான். இரவு 10 டிகிரிக்குக் கீழே நாலு நாள் போனால் கன்று சாகாது, ஆனால் மரத்துப்போய் நிற்கும். ஜூன் நடுவில் நட்ட கன்று அதை முந்திவிடும். அதனால்தான் இங்கே மே 25க்கு முந்தின திங்களில் வரும் விக்டோரியா தினத்துக்குப் பிறகுதான் நடுகை என்று எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். நான் இன்னும் ஒரு கிழமை பொறுப்பேன். லைலாக் (வசந்தத்தில் பூக்கும் புதர்ச்செடி) நன்றாகப் பூத்திருக்கிறதா என்று பக்கத்து வேலியையும் எட்டிப் பார்ப்பேன்.

ஆனால் அம்மாவைச் சும்மா இருத்த வேண்டாம். நிலத்துக்கு இப்போதே வேலை இருக்கிறது. கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி, ஸ்பினாச், வெங்காயம் எல்லாம் குளிருக்குப் பயப்படாது, லேசான உறைபனியும் தாங்கும். கொத்தமல்லியை இப்போது போட்டால்தான் இலை தின்னலாம். ஜூலையில் போட்டால் அரையடி வளர முதலே பூத்துவிடும். விதையைச் சப்பாத்தி உருளையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து போடச் சொல்லும். முளைக்கீரை, பசளிக்கீரை மட்டும் இப்போது வேண்டாம், அவை சூடு கேட்பவை.

கொத்த முதல் ஒரு பரீட்சை. ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடியும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி விரல் அடையாளத்தோடு அப்படியே நின்றால் மண்வெட்டியைத் தொட வேண்டாம். ஸ்காபரோவில் அனேகமான வளவுகளில் களிமண். ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாகப் புரண்டு, வெயிலில் செங்கல்லாகிவிடும். முதல் வருசம் நான் அந்த வேலை பார்த்தவன்.

---

பல்கனி | ஏப்ரல் 19

இடையில் நுழைகிறேன், மன்னியுங்கள். பதினொராம் மாடி. மாரி முழுக்க வீட்டுக்குள் நின்ற கறிவேப்பிலை முக்கால்வாசி இலையையும் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

---

செம்பரத்தை | ஏப்ரல் 19

தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைந்தால் இலை கொட்டுவது வழக்கம்தான். மிச்ச இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய சிலந்தி வலையும் தூசி மாதிரிப் புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி, குளியலறையில் வைத்து ஷவரால் நன்றாகக் கழுவுங்கள். நுனியைக் கிள்ளி, புதுத்தளிர் வந்த பிறகு பசளை கொடுங்கள். வெளியே வைப்பது இரவு 12 டிகிரியைத் தாண்டிய பிறகு. உங்கள் மாடிக் காற்றுக்கு அதிலும் ஒரு கிழமை பிந்தலாம்.

---

வடலி | மே 17

ஒரு மாதக் கணக்கு. பழைய எட்டில் ஆறு தப்பியது. இரண்டாம் விதைப்பில் 20க்கு 18 முளைத்து ஒன்றுகூடச் சாயவில்லை. ஹீட் மேட் போட்ட ஒன்பதாம் நாள் பழைய மிளகாய் விதையே பதினொன்று எழும்பியது! அம்மாவின் கொத்தமல்லியும் முள்ளங்கியும் நிலத்தில் பச்சைப் பாயாக நிற்கின்றன, இப்போது கன்றைப் பற்றி அவர் கேட்பதில்லை.

ஆனால் நேற்று ஒரு பிழை விட்டேன். ஆறு பெரிய கத்தரியையும் நல்ல வெயில் என்று காலை பத்திலிருந்து நாலு வரை வெளியே வைத்தேன். இன்று இலையில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டுகள். திரும்பவும் நோயா?

---

துலா | மே 17

நோயில்லை, வெயில் சுட்டது. லைட்டுக்குக் கீழே பிறந்த இலைக்கு மே மாத வெயில் தெரியாது. அந்த இலை திரும்பப் பச்சையாகாது, ஆனால் நடுக்குருத்து நன்றாக இருந்தால் பயமில்லை. இன்றிலிருந்து முதல் நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், பிறகு கொஞ்சம் காலை வெயில், அப்படி ஒவ்வொரு நாளும் கூட்டி ஏழு முதல் பத்து நாளில் முழு நாளும் விடும். காற்று பலமான நாளில் உள்ளே. நட்ட பிறகு திடீரென்று இரவு குளிர் அறிவித்தால், பொழுது பட முதல் பழைய சாரத்தால் போர்த்தி, காலையில் எடும். பிளாஸ்டிக் இலையில் முட்டினால் முட்டின இடம் கருகும், துணிதான் நல்லது. என்னிடம் அதற்கென்றே ஐந்து சாரம் இருக்கிறது. உடுக்கிறதுக்கு இரண்டுதான்.

---

வடலி | ஜூன் 3

நட்டாயிற்று. கத்தரி 22, மிளகாய் 14. ஒரே இரவில் அணில் இரண்டு கத்தரியைக் கிண்டி எறிந்துவிட்டது. கோழிக்கம்பி வலை விரித்திருக்கிறேன். கடைசிக் கேள்வி: மாமி ஊரிலிருந்து வந்தபோது அவரைக்காய் விதை கொண்டுவந்தவர். எல்லையில் சொல்லிக் காட்டித்தான் கொண்டுவந்தார். வேலியோரம் போடலாமா?

---

செம்பரத்தை | ஜூன் 3

போடலாம், ஆனால் காய்க்குப் பானை வைக்காதீர்கள். ஊர் அவரையில் அனேகம் பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டித்தான். இங்கே ஜூனில் 15க்கு மேல். கொடி வேலியைத் தாண்டி, கூரைத் தண்ணீர்க் குழாயில் ஏறி, செப்டெம்பரில்தான் மொட்டு விடும். ஒக்டோபர் உறைபனி வந்து எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். சிறகவரையும் இதே கதை. எனக்கு மூன்று வருசத்தில் ஒருமுறை ஒரு கறிக்குக் கிடைத்தது.

வேலிக்குப் பயற்றங்காயைப் போடுங்கள். அவரையில் நாலு விதை மட்டும் ஒரு மூலையில், மாமி வந்து பார்த்தால் காட்டுவதற்கு.