ஆறு காசு குறைந்ததா, அறுபத்தொரு காசு கிடைத்ததா?
(மலேசியத் தோட்டத்து ஊர்க் குழுவில், 2025 அக்டோபர்)

ஐந்தாம்_பிரிவு:
ஊர்க் குழுவில் ஒரு பெரியவர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) இறங்கிவிட்டது, பட்ஜெட்டும் வந்துவிட்டது, 2026இல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொற்காலம்" என்கிறார். 2.05 இருந்தது, 1.99 ஆனது. ஆறு காசு ஐயா, ஆறு காசு! என் மோட்டார் சைக்கிளில் நான்கு லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் 24 காசு மிச்சம். கடைத்தெருவில் ரொட்டி சானாய் அதற்கு முன்பே முப்பது காசு ஏறிவிட்டது.

பெரிய_கிராணி:
அந்தப் பெரியவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம் தம்பி, பயம் வேண்டாம். செப்டம்பர் 30 முதல் மானியம் இல்லாத ரோன்95 பெட்ரோல் விலை 2.60. மைகாட் அடையாள அட்டையைச் செருகினால் உனக்கு 1.99. அதாவது லிட்டருக்கு 61 காசை அரசாங்கம் கட்டுகிறது. மாதம் 300 லிட்டர் வரை. 183 வெள்ளி! வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தால்தான் காசு என்பாயா?

ஐந்தாம்_பிரிவு:
2.60 என்று நான் எந்தக் காலத்தில் கொடுத்தேன்? கொடுக்காத விலையில் மிச்சம் பிடிக்கிற வித்தையைக் கிராணியாக (எழுத்தராக) இருந்த தோட்டத்து அலுவலகத்தில் கற்றீர்களா? மோட்டார் சைக்கிளுக்கு மாதம் இருபது லிட்டர் போனால் அதிகம். எனக்கு மிச்சம் ஒரு வெள்ளி இருபது காசு. 300 லிட்டர் அடிப்பவர் யார், பங்களாக்காரர்.

பெரிய_கிராணி:
வங்காளதேசத் தொழிலாளியைக் கேள், 2.60 யார் கொடுக்கிறார் என்று சொல்வான். அதே பம்பு, அதே எண்ணெய். அவனுக்கு 2.60, உனக்கு 1.99. வித்தியாசம் 61 காசு. ஆறாம் வகுப்புக் கணக்கு.

லோரிக்காரர்:
இரண்டு பேரும் பெட்ரோலையே பிடித்துத் தொங்குங்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் ஒரே இரவில் 2.15இலிருந்து 3.35 ஆனதே, அது யாருக்காவது நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டுத் தக்காளி நடந்தா வருகிறது?

பெரிய_கிராணி:
சரக்கு லோரிகளுக்கு 2.15க்கே மானிய அட்டை உண்டு. வாங்காதது யார் குற்றம்?

லோரிக்காரர்:
வாங்கினேன். வாங்குவதற்குள் எத்தனை முகப்பில் நின்றேன் என்று சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். மனு நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம், வாகனப் பதிவில் உள்ள பெயருக்கும் கம்பெனிப் பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி இல்லையாம். அதுவரை 3.35க்குத்தான் ஊற்றினேன். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது ஐயா, நீங்களும் காகிதத்திலேயே வாழ்ந்தவர்தானே.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் நில்லுங்கள். அடுத்த ஆண்டைப் பற்றித்தான் பேச்சு என்றால், அக்டோபர் 10 பட்ஜெட்டில் 2026க்கு 4.0 முதல் 4.5 சதவீத வளர்ச்சி என்று சொல்லியிருக்கிறார்கள். பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் 3.8இலிருந்து 3.5 சதவீதத்துக்கு இறக்கப் போகிறார்கள். அதற்காகத்தான் மானியத்தை எல்லாருக்கும் கொடுக்காமல் வடிகட்டுகிறார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஜூலையில் வட்டியை 2.75க்குக் குறைத்தது. நம் பொருள்கள் மீது அமெரிக்காவின் 19 சதவீத வரி ஒரு பக்கம். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல்...

ஐந்தாம்_பிரிவு:
சேர்த்துப் பார்த்தால் ஆறு காசு ஏழு காசு ஆகுமா?

பெரிய_கிராணி:
61!

தாமான்_அக்கா:
முட்டை மானியத்தை ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நிறுத்தியதை ஏன் ஒருவரும் பேசவில்லை? ஆண்கள் பேசுகிற பொருளாதாரத்தில் முட்டை கிடையாது போலிருக்கிறது. மாத இறுதியில் ஆளுக்கு நூறு வெள்ளி மைகாட்டில் போட்டார்கள். முதல் நாள் சூப்பர்மார்க்கெட்டில் கூடை நிறைய சாமான்களோடு நிற்கிறேன், மைகாட்டைப் படிக்கும் கருவி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நின்ற பாட்டி அரிசி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிப்ரவரியில் மறுபடியும் நூறு வரும் என்கிறார்கள். கருவியும் வருமா?

பெரிய_கிராணி:
வாங்கும்போது கை நீட்டியவர்கள்தான் பிறகு வாய் நீட்டுகிறார்கள். 2013 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. என் அப்பா காலத்தில் கேட்க நாதி உண்டா? 1960இல் அப்போதைய அமைச்சர் சம்பந்தன் ஐயா கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத்து மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். இன்று ஒருவன் ஆறு காசு ஆறு காசு என்று அழுகிறான்.

ஐந்தாம்_பிரிவு:
ஆறு காசு என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், நன்றி.

பெரிய_கிராணி:
உன் வார்த்தையைச் சொல்லிக் காட்டினேன். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் யாரையாவது கேள்.

ஐந்தாம்_பிரிவு:
அந்த 1,700ஐ 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை மர உச்சியில் இருக்கிறது, கழியை ஒவ்வொரு துண்டாக நீட்டி அரிவாளை மட்டைக்கும் குலைக்கும் இடையில் செருகி இழுக்க வேண்டும். கழுத்து மேலேயே இருக்கும், முள் தோளில் விழும். அப்புறம் உதிரிப்பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மழை பெய்து வேலை நின்றால் அன்றைக்கு எங்கள் மண்டோரின் (மேற்பார்வையாளரின்) முகத்தைப் பார்க்க வேண்டும். குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு பொற்காலம் என்கிறீர்கள்.

பெரிய_கிராணி:
எந்தக் கிராணிக்கு ஐயா குளிர்சாதன அறை? மின்விசிறி, அதுவும் ஒரு இறக்கை ஆடும். நானும் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன்தான். படித்தேன், பேனா பிடித்தேன். நீ பிடிக்கவில்லை என்றால் அது பட்ஜெட்டின் குற்றமா? உலகச் சந்தையில் செம்பனை எண்ணெய் விலை விழுந்தால் ஜோர்ஜ்டவுனிலிருந்து ஜொகூர் வரை எல்லா மண்டோர் முகமும் அப்படித்தான் இருக்கும். நம் எண்ணெயை இந்தியா நிறைய வாங்குகிறது, அவர்கள் இறக்குமதி வரியை ஏற்றினால் உன் குலைக்கு மதிப்பில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினேன்.

லோரிக்காரர்:
குலை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் காலத்தில் எடைச் சீட்டில் குலைக் கணக்கு எப்படி இளைத்துப் போகும் என்று என் தந்தை கதை கதையாகச் சொல்வார்.

பெரிய_கிராணி:
உன் தந்தை எத்தனை குலை வெட்டினார் என்று ஊருக்கே தெரியும். இறந்தவரைப் பற்றிப் பேசக் கூடாது, அதனால் நிறுத்துகிறேன். நவம்பர் 1 முதல் மதுவுக்குத் தீர்வை பத்து சதவீதம் ஏறுகிறது. சிலருடைய கோபத்துக்கு உண்மையான காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாமான்_அக்கா:
அதை மட்டும் இன்னும் இருபது சதவீதம் ஏற்றட்டும், நான் ஓட்டே போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அக்டோபர் சம்பளத்திலிருந்து இபிஎஃப் சேமநிதிக்கு இரண்டு சதவீதம் கட்டாயம். முதலாளியும் இரண்டு சதவீதம் போட வேண்டும். தோட்டச் செலவு அதனால் எவ்வளவு ஏறும், சம்பளத்தில் கை வைப்பார்களா என்று யாராவது யோசித்தீர்களா?

லோரிக்காரர்:
நீங்கள் எந்தப் பள்ளி? எப்போதும் நடுவில் வந்து பாடம் எடுக்கிறீர்கள். ஆறு காசு சரியா, அறுபத்தொரு காசு சரியா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

கணக்குப்பிள்ளை:
இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்.

ஐந்தாம்_பிரிவு:
பார்த்தீர்களா, வழுக்கிவிட்டார்.

பெரிய_கிராணி:
வழுக்கவில்லை, என் பக்கம் என்று சொல்லக் கூச்சப்படுகிறார். இந்தக் கூச்சத்தால்தான் கோயில் நிர்வாகத்தில் பொருளாளர் பதவியையும் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்தது யாரிடம்? லோரிக்காரரின் மைத்துனரிடம். திருவிழாக் கணக்கு இன்னும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவில்லை.

லோரிக்காரர்:
கோயிலை இதில் இழுக்காதீர்கள். பந்தல் செலவுக்கு மட்டும் மூன்று ரசீது, மூன்றிலும் ஒரே கையெழுத்து. அது யார் தலைவராக இருந்த வருடம்?

பெரிய_கிராணி:
ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வா. மூலப் பிரதிகளோடு வருகிறேன்.

தாமான்_அக்கா:
பசியாற நிர்வாகம் ஏற்பாடு செய்யுமா, அல்லது நாங்களே கொண்டுவர வேண்டுமா?