மூன்று நாய்களோடு இரண்டு நாள் பனி நடை: போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

அடுத்த மாதம் மூன்று நாய்களையும் கூட்டிக்கொண்டு பனிக்காட்டில் இரண்டு நாள் நடக்கலாம் என்று இருக்கிறேன். நாளுக்குச் சுமார் 15 கிலோமீட்டர், இரவு கூடாரத்தில்.

போன வாரம் ஒத்திகையாக 8 கிலோமீட்டர் போனோம். குட்டைமுடிக்காரி லட்டுவை நினைத்துத்தான் பயந்தேன். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். நின்றுவிட்டது பனிநாட்டு இனமான ஹஸ்கி கலப்புக் கருப்பன்தான். பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறான். விரல் இடுக்கு முடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பனி உறைந்து கிடக்கிறது. இழுத்தால் முடியோடு வரும் என்பதால் உள்ளங்கையில் பொத்திவைத்துக் கரைத்தேன். என் விரல் மரத்ததுதான் மிச்சம்.

அந்த முடியை வெட்டிவிட்டு மெழுகு தடவினால் போதுமா, காலுறையே வேண்டுமா? காலுறை போட்டால் அவன் பத்தடிக்கு ஒன்றை உதறுகிறான்.

அப்புறம், மூன்று கயிறும் பின்னிக்கொள்கின்றன. இடுப்புப் பட்டையில் கட்டினால் சரிவில் என்னையே இழுத்துத் தள்ளிவிடுவார்களோ?

தண்ணீர் வைத்தால் முகர்ந்துவிட்டுப் பனியைத் தின்கிறார்கள். அது உடம்புச் சூட்டைக் குறைக்கும், தாகமும் சரியாகத் தீராது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் கறிச்சாறு கலக்கலாம் என்று யோசனை. பிளாஸ்க் எத்தனை சுமப்பது?

மூன்றாவது நாய் மணிக்கு வயது 10, மூட்டுவலி வேறு. அவனை விட்டுவிட்டுப் போ என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.