62 மி.மீ. உயரத்துக்குள் சக்ஷன் ஃபில்டர்: எந்த வடிவத்தில் செய்வது?

கணபதி பட்டறை:

வணக்கம். கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பாக்குமட்டைத் தட்டு அழுத்தும் ஹைட்ராலிக் மெஷின் செய்கிறோம். இடம் மிச்சமாகட்டும் என்று, தனி டேங்க் வைக்காமல் அடிச்சட்டத்தையே இந்த முறை எண்ணெய் டேங்க் ஆக்கிவிட்டேன். பம்ப் எண்ணெய் இழுக்கும் வாயில் வைக்கும் சக்ஷன் ஃபில்டருக்கு மிஞ்சியது 62 மி.மீ. உயரம், 110 அகலம், 190 நீளம். அதிலும் ஒரு மூலையை, எண்ணெய் டேங்க்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப் அடைத்துக்கொண்டது. மேலே கை விடும் மூடி 120-க்கு 90.

கடையில் பார்த்த முக்கால் இஞ்ச் ஸ்ட்ரெய்னர் (வலை ஃபில்டர்) எதுவும் உள்ளே போகவில்லை. அதனால் 25 மி.மீ. பைப்பில் 6 மி.மீ. துளை 24 போட்டு, அதன் மேல் 100 மெஷ் (இஞ்சுக்கு 100 கண்) எஸ்.எஸ். வலையை 120 மி.மீ. நீளத்துக்குச் சுற்றி க்ளாம்ப் அடித்தேன். பம்ப் நிமிடத்துக்கு 16 லிட்டர், எண்ணெய் 68 கிரேடு. காலையில் ஸ்டார்ட் செய்தால் பம்ப் கூழாங்கல்லை அரைப்பது போலக் கத்துகிறது. எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடுகிறது. பம்ப் எவ்வளவு திணறி இழுக்கிறது என்று பார்க்க சக்ஷன் பைப்பில் வேக்கம் கேஜ் போட்டேன், 280 மி.மீ. பாதரசம் காட்டுகிறது. மதியம் எண்ணெய் சூடானதும் 150-க்கு இறங்குகிறது.

நண்பர் ஒருவர் 50 மி.மீ. விட்டத்தில் வலையை விசிறி போல 60 மடிப்பு வைத்து எலிமெண்ட் (ஃபில்டரின் வடிகட்டும் பகுதி) செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா? மெஷின் இந்த மாதமே வாடிக்கையாளரிடம் போக வேண்டும்.

பவர் பேக் சர்வீஸ்:

நுண்ணிய வடிகட்டலை எல்லாம் ரிட்டர்ன் லைனுக்கு மாற்றிவிடுங்கள். சக்ஷன் பக்கம் கல், வெல்டிங் பொரி மட்டும் தடுத்தால் போதும். 68 எண்ணெய் என்றால் 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு). 20 டிகிரிக் காலையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கெட்டி. 280 என்பது கியர் பம்புக்கு மிக அதிகம். இப்படியே ஓட்டினால் பம்ப் போய்விடும்.

மடிப்புக்காரர்:

தம்பி, 17 வருஷமாக எலிமெண்ட் மடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் இப்போது போட்டிருப்பதைப் பார்ப்போம். பைப் மேல் சுற்றிய வலையின் பரப்பு 94 சதுர செ.மீ. என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் வலை பைப்போடு ஒட்டிக் கிடக்கிறது. எண்ணெய் போவது துளைக்கு நேர் மேலே இருக்கும் வலை வழியாக மட்டும்தான். 24 துளைக்கு 6.8 சதுர செ.மீ. 100 மெஷ்ஷில் கம்பி 0.1 மி.மீ. என்றால் திறந்த பகுதி 37 சதவீதம். ஆக மொத்தம் 2.5 சதுர செ.மீ. உங்கள் 19 மி.மீ. பைப்பின் உள் பரப்பே 2.8. அழுக்கு ஒரு துளி சேரும் முன்பே, பைப்பை விடச் சின்னத் திறப்பு. அதுதான் அந்தச் சத்தம்.

60 மடிப்பு வேண்டவே வேண்டாம். வெளி விட்டம் 50, மடிப்பு ஆழம் 10 என்றால் உள் விட்டம் 30, சுற்றளவு 94 மி.மீ. ஒரு மடிப்புக்கு 1.57 கிடைக்கும். வலையும் தாங்கு வலையும் சேர்ந்து 0.6, மடிப்பு என்றால் இரண்டு பக்கம், 1.2 போய்விட்டது. மிச்சம் 0.37. கெட்டி எண்ணெய் அதில் எப்படி நுழையும்? 40 மடிப்பில் 1.1 மி.மீ. மிஞ்சும், அது ஓடும். 80 மி.மீ. நீளத்தில் 640 சதுர செ.மீ. பரப்பும் வரும்.

இருந்தாலும் உங்களுக்கு உருளையே சரிப்படாது. 62 உயரத்தில் 50 விட்டம் வைத்தால் மேலே 6 மி.மீ. எண்ணெய்தான் நிற்கும். சிலிண்டர் முழுக்க நீளும்போது டேங்க் மட்டம் இறங்கும், எலிமெண்ட்டின் முதுகு வெளியே தெரியும், காற்றை இழுக்கும். ஆழமில்லாத டேங்க்குக்குப் படுத்திருக்கும் தட்டை எலிமெண்ட்தான் சரி.

கார் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சம்ப்பில் (அடியில் உள்ள எண்ணெய்த் தட்டில்) பார்த்திருப்பீர்கள், ஃபில்டர் தட்டையாக, கோணல்மாணலாக இருக்கும். அதே வழிதான். இரண்டு வலைத் தகடு, நடுவே 4 மெஷ் தடிவலை இரண்டு அடுக்கு, 2 மி.மீ. கம்பி என்றால் 8 மி.மீ. இடைவெளி. இந்த நடு அடுக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரே அடுக்கு போட்டால் எண்ணெய் வலைக்குள் வந்துவிடும், சக்ஷன் பைப் வாய்க்குப் போக வழி இருக்காது. 84 அகலத்தில் 8 மி.மீ., கம்பி பாதியை அடைத்தாலும் 3.3 சதுர செ.மீ. மிஞ்சும், பைப்பை விட அதிகம். வெளி அளவு 170-க்கு 100, ரிட்டர்ன் பைப் பக்க மூலையைச் சரிவாக வெட்டுங்கள். ஓரம் போக 240 சதுர செ.மீ. வேலை செய்யும் பரப்பு கிடைக்கும், இப்போது இருப்பதைப் போல 35 மடங்கு. அடியில் 15 மி.மீ. விட்டு, லேசாகச் சாய்த்து வையுங்கள், கீழே குமிழி தங்காது.

ஓரத்தை 0.8 மி.மீ. தகட்டுப் பட்டையில் மடித்து நெருக்கமாக ஸ்பாட் வெல்ட் அடியுங்கள். அப்புறம் சோதனை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி முக்கி, உள்ளே மெதுவாகக் காற்று விடுங்கள். அழுத்தத்தை யு-ட்யூபில் (தண்ணீர் ஊற்றிய யு வடிவக் குழாயில்) இரண்டு பக்கத் தண்ணீர் மட்ட வித்தியாசமாகப் பாருங்கள். ஆல்கஹால் ஆழத்தைக் கழித்து ஐந்து செ.மீ. வரைக்கும் தாங்கினால் நல்லது. ஒன்று, இரண்டிலேயே ஓரத்தில் குமிழி வந்தால் அங்கே ஓட்டை. ஐ.எஸ்.ஓ. 2942 தரநிலை சொல்வதும் இதே குமிழிச் சோதனைதான். பக்கத்தில் வெல்டிங் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆல்கஹால் பற்றிக்கொள்ளும்.

திருப்பூர் மெயின்டனன்ஸ்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும்: செய்வதற்கு முன் அட்டையில் வெட்டி, அந்த 120-க்கு 90 மூடி வழியாக விட்டுப் பாருங்கள். பைப்பைப் பொருத்த எலிமெண்ட் மேல் நிற்கும் சாக்கெட்டையும் அட்டையிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். மெஷினை ஓட்டுபவர் எலிமெண்ட்டைக் கழற்ற முடியாவிட்டால் கழுவவே மாட்டார்.

கணபதி பட்டறை:

அட்டை போட்டுப் பார்த்தேன். தகடு மட்டும் சாய்வாக நுழைந்தது, 30 மி.மீ. சாக்கெட் ஒட்டியதும் பாதியில் மாட்டிக்கொண்டது. அதனால் சாக்கெட்டை எடுத்துவிட்டு 10 மி.மீ. வளையம் மட்டும் வெல்ட் செய்தேன். சக்ஷன் பைப் மேலிருந்து இறங்கி ஓ-ரிங்கோடு அதில் உட்காருகிறது. பைப்பை உருவினால் தகடு கையோடு வந்துவிடுகிறது. முதல் தகடு சோதனையில் தோற்றது. வெட்டிய மூலையில் இரண்டு ஸ்பாட்டுக்கு நடுவே குமிழி. இரண்டாவது தாங்கியது.

இன்று காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்தோம். கேஜ் 90. பம்ப் சத்தமே வேறு. மடிப்புக்கார அண்ணா, அந்த 6.8 கணக்கை நீங்கள் போட்டுக் காட்டாவிட்டால் நான் இன்னும் இரண்டு சுற்று வலை சுற்றியிருப்பேன். ரொம்ப நன்றி.

மாலையில் கழற்றிப் பார்த்தபோது மேல் வலையில் பாக்குமட்டை நார் நான்கைந்து ஒட்டியிருந்தது. அது பிரீதர் (டேங்க்குக்குள் காற்று போய் வரும் வழி) வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், அங்கே வெறும் தகர மூடி வைத்திருந்தேன். நாளை அதை மாற்றுகிறேன்.