டாக்டர் புர்ஹானுதீன் அல்-ஹெல்மி ம.இ.கா.வோடு சேர்ந்து நின்றவரா?

சிப்புட்காரன்:
சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் ஐந்தாம் படிவம். செஜாரா (வரலாறு) பாடத்துக்கு பேராக்கில் பிறந்த சுதந்திரப் போராட்டத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டுமாம், புர்ஹானுதீன் அல்-ஹெல்மியை எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தவரை அவர் பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சியின் பழைய தலைவர், அவ்வளவுதான். ஆனால் எங்கள் அப்பா (தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்) பெயரைக் கேட்டதுமே "அவரு நம்ம ஜான் திவி பக்கம் நின்ன ஆளு" என்கிறார். பாஸ் தலைவருக்கும் ஜான் திவி இருந்த நம் இந்தியர் கட்சியான ம.இ.கா.வுக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறதா?

கித்தாக்காடு:
அப்பா சரியாகத்தான் சொல்கிறார் அண்ணே. பாஸுக்கு அவர் தலைமை ஏற்றது 1956 கடைசியில். நீங்கள் கேட்பது அதற்குப் பத்து வருஷம் முந்தைய கதை. 1945 நவம்பரில் ஈப்போவில் பி.கே.எம்.எம். என்ற மலாய் தேசியக் கட்சி தொடங்கியது, அம்னோ என்ற இன்னொரு மலாய்க் கட்சி பிறப்பதற்கு முன்பே. கொஞ்ச நாளில் புர்ஹானுதீன் அதற்குத் தலைவரானார். வெள்ளைக்காரனும் சுல்தான்களும் அம்னோவும் மட்டும் உட்கார்ந்து கூட்டாட்சித் திட்டம் போட்டபோது, எங்களைக் கேட்காமல் என்ன திட்டம் என்று எதிர்த்தவர்கள் இரண்டு அணியாகத் திரண்டார்கள். மலாய் அமைப்புகள் 'பூத்ரா' என்ற அணியில், மற்ற இனத்தவர் டான் செங் லோக் தலைமையில் ஏ.எம்.சி.ஜே.ஏ. என்ற அணியில். ம.இ.கா. இந்த இரண்டாவதில் இருந்தது, அப்போது அதன் தலைவர் ஜான் திவி. இரண்டு அணியும் சேர்ந்து 1947-இல் மக்கள் அரசியலமைப்பு என்று தனியாக ஒன்றை எழுதின. சிங்கப்பூரும் சேர்ந்த ஒரே மலாயா, தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்கும் அரசாங்கம், இந்த நாட்டையே தாய்நாடாக நினைப்பவர் எல்லாருக்கும் சம உரிமை. அதே 1947, அக்டோபர் 20-ஆம் தேதி நாடு முழுக்க ஹர்த்தால் நடந்தது. கடைகள் மூடியதை உங்கள் அப்பாவே பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தைப்பிங் செல்வி:
இதையெல்லாம் படித்துவிட்டு அவரை நம் ஆள் ஆக்கிவிட வேண்டாம். அந்த மக்கள் அரசியலமைப்புப்படி குடியுரிமை வாங்குகிற எல்லாரும் 'மெலாயு' (மலாய்க்காரர்) என்றே அழைக்கப்படுவார்கள், மலாய் ஒன்றுதான் ஆட்சிமொழி. அதை லயத்தில் இருந்த சனங்களிடம் யார் கேட்டார்கள்? ஆனால் ஒன்று, வம்சத்தைப் பார்க்காமல் விசுவாசத்தைப் பார்த்து அந்தப் பெயரைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் பாருங்கள், அது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். இன்றைக்கு அப்படி ஒருத்தர் பேசினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

அப்புறம், டாக்டர் என்பது ஹோமியோபதி டாக்டர். இந்தியாவுக்குப் போய்ப் படித்து வந்தவர். உங்கள் மகள் சும்மா மருத்துவர் என்று எழுதிவிடப் போகிறாள்.

பாய்கடை முக்கு:
அண்ணே, இன்னொரு தமிழ் முடிச்சும் இருக்கிறது. 1950-இல் சிங்கப்பூரில் நாத்ரா வழக்கு வந்ததே, டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிமாக வளர்ந்த மரியா ஹெர்டோக் என்ற பெண் யாருக்குச் சொந்தம் என்று, அதில் போராட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கரீம் கனி, நம்ம தமிழ் முஸ்லிம். புர்ஹானுதீனும் அதே குழுவில் இருந்தார். அந்த டிசம்பரில் கலவரம் வெடித்து 18 பேர் செத்தார்கள், இரண்டு பேரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். கரீம் கனியும் ஜான் திவியும் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசாங்கத்தில் ஆலோசகர்களாக இருந்தவர்கள். எத்தனையோ தோட்டத்து ஆட்கள் நேதாஜியின் படையான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்களே, அந்த நேரத்தில்தான். எல்லாரும் ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள் என்பேன்.

சிப்புட்காரன்:
நன்றி எல்லாருக்கும். அப்பாவிடம் ஹர்த்தாலைப் பற்றிக் கேட்டேன். கடைத்தெரு அடைத்திருந்தது, அரிசி கிடைக்கவில்லை, அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன் என்கிறார். அரசியல் ஒன்றும் ஞாபகமில்லை! சரி, அவ்வளவு பெரிய கூட்டணி அப்புறம் என்ன ஆனது?

கித்தாக்காடு:
உங்கள் ஊர்தான் ஆனது. 1948 பிப்ரவரியில் வெள்ளைக்காரன் தன் கூட்டாட்சியையே கொண்டுவந்தான். ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது. இடதுசாரி, தொழிற்சங்கம், மலாய் தேசியவாதி எல்லாரையும் ஒரே வலையில் அள்ளினார்கள். பி.கே.எம்.எம். இளைஞர் அணியை நடத்திய அஹ்மத் போஸ்தாமாம் ஏழு வருஷம் உள்ளே கிடந்தார். புர்ஹானுதீனை அப்போது விட்டுவிட்டார்கள், பாய் சொன்ன நாத்ரா விஷயத்தில்தான் பிடித்தார்கள். 1959 தேர்தலில் அவர் தலைமையில் பாஸ் கிளந்தானையும் திரெங்கானுவையும் பிடித்தது, அவரும் பெசுட் தொகுதியில் ஜெயித்தார். 1965-இல், இந்தோனேசியா மலேசியாவோடு மோதிய கான்ஃப்ரன்டாசி நேரத்தில், இந்தோனேசியாவோடு சேர்ந்து சதி செய்தார் என்று, விசாரணையில்லாமல் அடைக்கிற ஐ.எஸ்.ஏ. சட்டத்தில் மறுபடி சிறை. வெளியே வந்தும் கட்டுப்பாடுகளோடுதான் இருந்தார், 1969 அக்டோபரில் காலமானார். வெள்ளைக்காரனும் உள்ளே போட்டான், சுதந்திர மலேசியாவும் உள்ளே போட்டது. பாடப்புத்தகத்தில் ஏன் இரண்டு வரி என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தைப்பிங் செல்வி:
கடைசி வாக்கியத்தைப் பிள்ளை அப்படியே எழுதிக் கொடுத்துவிடப் போகிறாள், மார்க் போய்விடும். 1947 பகுதியை நன்றாக விரித்து எழுதச் சொல்லுங்கள், தாத்தாவுக்கு அரிசி கிடைக்காத கதையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.